யாருடைய துக்கம் கணக்கில் வரும்? 'அனிமல்ஸ் பீப்பிள்' நாவலை முன்வைத்து

(போபால் நினைவு நாளையொட்டி நடந்த ஒரு வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது இந்திரா சின்கா எழுதிய 'அனிமல்ஸ் பீப்பிள்' என்கிற ஆங்கில நாவல். 2007-இல் வெளிவந்தது, அந்த ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. இந்திரா என்ற பெயரைப் பார்த்துப் பெண் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள், ஆண் எழுத்தாளர்தான். லண்டனில் விளம்பர வாசகம் எழுதுகிற வேலையில் இருந்தவர். 1990களில், போபாலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச மருத்துவமனை அமைக்க நிதி கேட்டு நாளிதழ் விளம்பரம் எழுதிக்கொடுத்தார். அப்படித் திரண்ட பணத்தில்தான் சம்பாவனா மருத்துவமனை 1996-இல் தொடங்கியது. ஆக, ஊருக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிய புத்தகம் இல்லை இது. பல ஆண்டுகள் அந்த மக்களோடு தொடர்பில் இருந்தவர் எழுதியது.

பேரழிவைப் பற்றிய நாவல்களில் துக்கம் எப்படி எழுதப்படுகிறது என்பதுதான் நாம் பேசப்போகிற விஷயம். ஆனால் துக்கம் என்றவுடன் அதை மனசுக்குள் நடக்கிற ஒன்றாக மட்டும் பார்த்துப் பழகியிருக்கிறோம். யார் இறந்தால் ஊர் நிற்கும், யார் இறந்தால் பேருந்துகூட நிற்காது என்பது சாதிச் சமூகத்தில் பிறந்த நமக்குத் தெரியாததா? துக்கத்துக்கும் படிநிலை உண்டு. இந்த நாவலை அந்த இடத்தில் நின்று வாசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே இருக்கிற பலர் 1984-க்கு வெகு பின்னால் பிறந்தவர்கள், நானும் அப்படித்தான்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு. போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையில் மீதைல் ஐசோசயனேட் இருந்த ஒரு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. தொட்டி கொதித்துச் சுமார் 40 டன் நச்சுவாயு வெளியே வந்தது. அதைத் தடுக்க வேண்டிய ஒவ்வொரு ஏற்பாடும் அன்றைக்குச் செயல்படாமல் இருந்தது. தொட்டியைக் குளிரவைக்கும் கருவியைச் செலவு குறைக்க நிறுத்திவைத்திருந்தார்கள். வாயுவைக் கழுவிச் சுத்திகரிக்கும் அமைப்பு வேலை செய்யவில்லை. எரித்துவிடும் கோபுரத்துக்குப் போகும் குழாயைப் பழுதுபார்க்கக் கழற்றிவைத்திருந்தார்கள். இதெல்லாம் திடீரென்று வந்ததும் இல்லை. 1981-லேயே பாஸ்ஜீன் பட்டு அங்கே ஒரு தொழிலாளி இறந்திருக்கிறார். ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982 முதல் எச்சரித்து எழுதிக்கொண்டே இருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, தொழிற்சாலைக்கு எதிரே இருந்த ஜெயப்பிரகாஷ் நகர் போன்ற குடிசைப் பகுதிகளுக்குள் புகுந்தது. கூலி வேலை செய்கிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள். பெரும்பாலும் ஏழை முஸ்லிம்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும். ஓடியவர்கள் மூச்சு வாங்க வாங்க அதிகமாக விஷத்தை உள்ளே இழுத்தார்கள். ஈரத்துணியை முகத்தில் போர்த்திக்கொண்டு அசையாமல் கிடந்தால் தப்பியிருக்க வாய்ப்பு இருந்தது. அந்த ஒற்றைத் தகவலைக்கூட அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

எத்தனை பேர் இறந்தார்கள்? அரசு இழப்பீடு கொடுத்த கணக்கில் 5,295. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் 20,000-க்கும் மேல் என்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஆயிரக்கணக்கானவர்கள் யார்? அவர்களுக்கும் வீடு இருந்தது, அழுவதற்கு ஆள் இருந்தார்கள். ஆனால் அரசின் கணக்கில் அவர்கள் சாகவே இல்லை.

இனி நாவலுக்கு வருவோம். போபால் என்ற பெயர் நாவலில் இல்லை. ஊரின் பெயர் கௌஃப்பூர். கௌஃப் என்றால் உருதுவில் பயம். நிறுவனத்துக்கும் பெயர் இல்லை, வெறும் 'கம்பெனி'. நடந்த சம்பவத்துக்கும் பெயர் இல்லை, 'அந்த ராத்திரி' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கதை சொல்கிறவன் பத்தொன்பது வயதுப் பையன். அந்த ராத்திரி பிறந்து சில நாளே ஆன குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டவன். பெற்றோர் யார், இந்துவா முஸ்லிமா, எதுவும் தெரியாது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் அநாதை இல்லத்தில் வளர்கிறான். ஆறு வயதில் முதுகெலும்பு வளையத் தொடங்குகிறது, நிமிரவே இல்லை. கையையும் காலையும் ஊன்றி நான்கு காலில் நடக்கிறான். ஒருநாள் விளையாட்டில் தன்னை இடித்த பையனைக் கடித்துவிடுகிறான். 'ஜான்வர், ஜான்வர்' என்று மற்ற பிள்ளைகள் கத்துகிறார்கள். மிருகம். அந்த வசைதான் அவன் பெயராக நிலைக்கிறது: அனிமல்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். வசையே பெயராகிற அனுபவம் நமக்குப் புதிதா? நம் தாத்தா பாட்டிகளின் பெயர்களை யார் வைத்தார்கள், எந்தத் தொனியில் கூப்பிட்டார்கள் என்று யோசித்தால் போதும். அனிமல் என்ன செய்கிறான் தெரியுமா? அந்தப் பெயரை எடுத்துக்கொள்கிறான். நான் மனிதனே இல்லை, உங்கள் மனிதக் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள் என்று அடம்பிடிக்கிறான். நீயும் மனிதன்தான், சிறப்புத் திறன் கொண்டவன் என்று அன்பாகச் சொல்கிறவர்களிடம் அவனுக்குக் கோபம் வருகிறது. அவனைப் பொறுத்தவரை 'மனிதன்' என்பது ஒரு மனமகிழ் மன்றம் மாதிரி. அவனை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்துகொண்டு அவனுக்காக இரக்கப்படுகிறார்கள். அவன் உள்ளே வர அனுமதி கேட்கவில்லை. வாசல் வைத்தது யார் என்று கேட்கிறான்.

நாவலின் வடிவமும் இந்தக் கோபத்திலிருந்து வருகிறது. வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, உன் கதையைச் சொல் என்கிறார். ரொம்ப நாள் அவன் அதைத் தொடவே இல்லை. எங்கள் கதையை எடுத்துக்கொண்டு போனவர்கள் ஆயிரம் பேர், எங்களுக்கு என்ன மாறியது என்பது அவன் கேள்வி. பிறகு ஒரு நிபந்தனையோடு பேசத் தொடங்குகிறான்: தான் சொல்வதைச் சொன்ன மாதிரியே போட வேண்டும். மொத்த நாவலும் அந்த ஒலிநாடாக்கள்தான். வாசிக்கிற நம்மை அவன் 'கண்கள்' என்று அழைக்கிறான். நாம் வெறும் கண்கள். பார்க்கிறோம், பார்த்துக் கண்ணீர்கூட விடுகிறோம், அதற்குமேல் ஒன்றும் செய்வதில்லை. கண்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான், கிண்டல் செய்கிறான், நடுநடுவே ஆபாசமாகப் பேசுகிறான். பாதிக்கப்பட்டவன் பரிசுத்தமானவனாக இருந்தால்தான் இரக்கப்படுவேன் என்கிற வாசகருக்கு இந்தப் புத்தகம் ஒத்துவராது. எனக்குப் பிடித்ததும் அதுதான். நீதி கேட்க நற்சான்றிதழ் எதற்கு?

அடுத்து, மொழி. அநாதை இல்லத்தில் அவனை வளர்த்தவர் மா ஃப்ரான்சி என்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி. அந்த ராத்திரிக்கு முன்னால் இந்தி சரளமாகப் பேசியவர். விஷக்காற்று பட்டபிறகு பிரெஞ்சைத் தவிர மற்ற எல்லா மொழிகளும் அவருக்கு மறந்துபோகின்றன. மறந்தது மட்டும் இல்லை, மற்றவர்கள் பேசுவது அவர் காதில் மொழியாகவே விழுவதில்லை, வெறும் இரைச்சலாக விழுகிறது. கௌஃப்பூர் மக்களுக்கு மொழி போய்விட்டது என்று அவர் நம்புகிறார். படிக்கும்போது முதலில் சிரிப்பு வரும். ஆனால் இந்த ஒரு பாத்திரத்துக்குள் போபாலின் சட்ட வரலாறே இருக்கிறது என்பேன்.

1985-இல் நாடாளுமன்றம் போபால் வாயுக் கசிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. பாதிக்கப்பட்ட அனைவரின் சார்பிலும் வழக்காடும் உரிமை இனி மத்திய அரசுக்கு மட்டுமே என்றது அந்தச் சட்டம். தந்தை மைனர் பிள்ளைக்காகப் பேசுவதுபோல அரசு இவர்களுக்காகப் பேசும். லட்சக்கணக்கான பெரியவர்கள் ஒரே நாளில் சட்டப்படி பேச்சில்லாத குழந்தைகள் ஆனார்கள். அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது அரசு. 1986-இல் அந்த நீதிமன்றம் வழக்கை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியது. 1989 பிப்ரவரியில் பாதிக்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் 47 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. குற்ற வழக்குகளையும் சேர்த்தே ரத்து செய்தார்கள். போராடித்தான் 1991-இல் அவை உயிர்பெற்றன. பாதிக்கப்பட்ட பெரும்பாலானோர் கையில் முதலில் வந்தது 25,000 ரூபாய். 2004-க்குப் பிறகு இன்னொரு 25,000. வாழ்நாள் முழுக்க மூச்சுத்திணறலுக்கு விலை 50,000 ரூபாய்.

அந்த மக்கள் பேசாமலா இருந்தார்கள்? தெருவில் கத்தினார்கள், மறியல் செய்தார்கள், நடந்தே தில்லிக்குப் போனார்கள். எல்லாம் நீதிமன்றத்துக்கும் அரசுக்கும் இரைச்சலாகத்தான் கேட்டது. மா ஃப்ரான்சியின் காதுக்கு விஷக்காற்று காரணம். இவர்கள் காதுக்கு என்ன காரணம்?

துக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நாவலில் அதை அடக்கமாகச் சுமக்கிற பாத்திரம் சோம்ராஜ். ஊரே கொண்டாடிய இந்துஸ்தானிப் பாடகர். அந்த ராத்திரி மனைவியையும் ஆண் குழந்தையையும் இழக்கிறார். கூடவே மூச்சையும். நுரையீரல் வெந்துபோன பாடகர் இனிப் பாட முடியாது. அவர் அழுகிற காட்சிகளை நாவல் அடுக்குவதில்லை. தவளைச் சத்தத்திலும், ஓட்டைச் சைக்கிள் பம்பின் இரைச்சலிலும் அவர் சுரத்தைக் கேட்கிறார். பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறார். போனது போனதுதான். ஆனால் காது மிச்சமிருக்கிறது, அதை வைத்துக்கொண்டு வாழ்கிறார்.

இன்னொரு பக்கம், துக்கத்தை முடித்துக்கொள்ள வழியே இல்லாத நிலை. சாவு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் பிழைப்பைப் பார்க்கப் போகலாம். போபாலில் எதை வைத்துக் காரியம் செய்வது? தொழிற்சாலை வளாகத்தில் கொட்டிய கழிவு நிலத்தடி நீரில் இறங்கியது. அந்தத் தண்ணீரைக் குடித்துப் புதிதாக நோயாளிகள் உருவானார்கள். 1984-இல் பிறந்தேயிராதவர்கள் 1984-ஆல் நோயுறுகிறார்கள். நாவலில் ஜாடிக்குள் பதப்படுத்தி வைத்த, பிறக்காமலே இறந்த ஒரு கரு அனிமலிடம் பேசுகிறது, என்னை விடுவி என்று கேட்கிறது. மாய யதார்த்தம் என்று விமர்சகர்கள் பெயர் வைக்கலாம். இன்னும் முடியாத ஒரு கொலையை வேறு எப்படி எழுதுவது என்றுதான் எனக்குத் தோன்றியது.

நாவலின் காணிக்கைப் பக்கத்தில் இருக்கிற பெயர், சிறுவயதில் அந்த ராத்திரியில் பெற்றோரையும் உடன்பிறந்தவர்களில் பெரும்பாலோரையும் இழந்த ஒரு போபால் இளைஞருடையது. அனிமல் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர். நீதிக்காக ஓயாமல் உழைத்தவர். நாவல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 'உயிர் பிழைத்தவர்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பிழைப்பு ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. அதற்கு மருந்தும் ஆள் துணையும் வருமானமும் வேண்டும். மன உறுதி மட்டும் போதாது.

இயக்கத்தில் இருக்கிற தோழர்கள் இந்த நாவலில் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. ஜாஃபர் என்பவர்தான் கௌஃப்பூர் போராட்டத்தின் தலைவர். படிப்பை விட்டுவிட்டு வெளியிலிருந்து வந்து, மக்களோடு மக்களாக வாழ்கிறவர். நேர்மையானவர், ஊரே மதிக்கிறது. எல்லி பார்பர் என்ற அமெரிக்க மருத்துவர் வந்து இலவச மருத்துவமனை திறக்கிறார். கம்பெனி தனக்குச் சாதகமான மருத்துவத் தகவல்களைத் திரட்ட அனுப்பிய ஆளாக இருக்கலாம் என்று ஜாஃபர் சந்தேகப்படுகிறார். யாரும் அங்கே போகக்கூடாது என்று புறக்கணிப்பு அறிவிக்கிறார். எல்லியை வேவு பார்க்க அனிமலை அனுப்புகிறார்.

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த மக்களை எத்தனை பேர் ஏமாற்றியிருக்கிறார்கள்! ஆனால் கதவு திறந்திருக்கிற மருத்துவமனை காலியாகக் கிடக்கிறது, எதிரே நோயாளிகள் இருமிக்கொண்டு நிற்கிறார்கள். எல்லிக்குக் கோபமும் குழப்பமும். அனிமலுக்கோ தன் முதுகு நிமிருமா என்ற ஆசை. இயக்கத்துக்கு உளவாளி, உள்ளுக்குள் நோயாளி. எல்லி கம்பெனி ஆள் இல்லை என்பது பிறகு தெளிவாகிறது. இடைப்பட்ட காலத்தில் இருமியவர்களின் கணக்கை யார் எழுதுவது?

ஜாஃபரை வில்லனாக்காமல் இந்தக் கேள்வியை நாவல் கேட்கிறது. ஒன்றுமில்லாதவர்களுக்கு இழக்க எதுவும் இல்லை, அதனால் அவர்களை வெல்லவே முடியாது என்பது அவர் தத்துவம். கேட்க நன்றாக இருக்கிறது, மேடையில் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் ஒன்றுமில்லாமை என்பது பசி, இருமல், கடன். அதைப் பலம் என்று கொண்டாடுகிறவர் பெரும்பாலும் அதற்குள் பிறந்தவராக இருப்பதில்லை. அனிமல் அவரை நேசிக்கிறான், பொறாமைப்படுகிறான், நம்பவும் மறுக்கிறான். மக்களுக்காக முடிவெடுக்கும்போது மக்களைக் கேட்டோமா என்பதை நம் இயக்கங்களும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1985 சட்டத்தை எதிர்க்கிற நாம், அதே காரியத்தைச் சிறிய அளவில் செய்துவிடக்கூடாது.

நாவலின் மீது எனக்கு இரண்டு விமர்சனங்கள் உண்டு.

ஒன்று, தலைமை. உண்மையான போபாலில் போராட்டத்தின் முதுகெலும்பு பெண்கள். ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா என்ற இருவர், வருமானத்துக்காக வேலைக்குப் போன இடத்தில் சந்தித்துத் தொழிற்சங்கம் கட்டி, 1989-இல் போபாலிலிருந்து தில்லி வரை பெண்களோடு நடந்தே போனார்கள். 2004-இல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் விருது இருவருக்கும் கிடைத்தது. நாவலில் பெண்கள் துணிச்சலாக இருக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஆனால் முடிவெடுக்கும் நாற்காலியில் ஜாஃபர்தான் இருக்கிறார்.

இரண்டு, சாதி. இந்துவும் முஸ்லிமும் அடுத்தடுத்து வாழும் குடிசைப் பகுதியை நாவல் உயிரோடு காட்டுகிறது. ஆனால் சாதி அதன் மையத்தில் இல்லை. விஷம் எல்லோரையும் ஒன்றாக்கிவிட்டது என்ற எண்ணம் வாசகருக்கு வந்துவிடும் ஆபத்து இருக்கிறது. பேரழிவு அப்படி ஒன்றாக்குவதில்லை என்பதற்கு நமக்கு ரொம்பத் தூரம் போக வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தலித் குடும்பங்கள் முகாம்களில் சேர்க்கப்படாமலும், நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டும் நின்றதை அன்றைய கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அழுகிய உடல்களை எடுக்க வேறு ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் தலித்துகள். பலருக்குக் கையுறைகூட இல்லை. அலை சாதி பார்த்திருக்காது. அலை வடிந்த மறுநாள் சாதி வந்துவிட்டது. இன்னும் எழுதப்பட வேண்டிய நாவல் அங்கே இருக்கிறது. நம்மில் ஒருவர் எழுதலாம்.

நாவலின் முடிவைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தபிறகு படித்தாலும் குறை வராது. அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்து முதுகை நிமிர்த்தலாம் என்ற வாய்ப்பை எல்லி ஏற்படுத்தித் தருகிறார். புத்தகம் முழுக்க அனிமல் ஏங்கியது அதற்குத்தான். கடைசியில் யோசிக்கிறான். நிமிர்ந்தால் ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ இல்லாமல் நடமாட முடியாது. இப்போது நான்கு காலில் ஓடுகிறான், ஏறுகிறான், குழந்தைகளை முதுகில் சுமக்கிறான். சேர்த்துவைத்த காசைக் கொண்டு, பாலியல் தொழிலுக்கு விற்கப்பட்ட அஞ்சலி என்ற பெண்ணை மீட்கத் தீர்மானிக்கிறான்.

இதை வாசிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். உள்ளபடியே திருப்தியாக இரு என்று நாவல் உபதேசம் செய்வதாக எடுத்துக்கொண்டால், சிகிச்சை கேட்டு நாற்பது ஆண்டுகளாகப் போராடும் மக்களுக்கு அது அநியாயம். மருத்துவம் அவர்கள் உரிமை. அனிமல் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது, வேண்டுமா என்று ஒருவர் அவனிடம் கேட்டதால். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் உடம்பைப் பற்றிய முடிவை அவன் எடுக்கிறான். அந்த உரிமையைத்தான் கம்பெனி பறித்தது, அரசு பறித்தது, இயக்கமும் கொஞ்சம் பறித்தது.

போபாலில் என்ன ஆயிற்று? 1984 டிசம்பரில் கைதாகிச் சில மணி நேரத்தில் ஜாமீனில் வெளிவந்து நாட்டைவிட்டே போன கார்பைடு தலைவர் வாரன் ஆண்டர்சன், கடைசிவரை இந்திய நீதிமன்றத்தில் நிற்காமல் 2014-இல் அமெரிக்காவில் இறந்தார். 2010-இல் ஏழு இந்திய அதிகாரிகளுக்கு இரண்டு ஆண்டு தண்டனை, அன்றைக்கே ஜாமீன். கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2025 ஜனவரியில் 337 டன் நச்சுக்கழிவைக் கொள்கலன்களில் ஏற்றிப் பீத்தம்பூருக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஊரில் எரிக்காதே என்று அந்த மக்கள் தெருவுக்கு வந்தார்கள். எரித்தார்கள். போபால் மண்ணிலும் நீரிலும் கலந்ததை யாரும் அள்ளவில்லை.

நாவலைப் படியுங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து படியுங்கள். அனிமலின் ஆங்கிலம் இந்தியும் பிரெஞ்சும் கலந்த உடைந்த ஆங்கிலம், இலக்கண பயம் தேவையில்லை. தமிழில் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் இந்த அறையில் இருந்தால் கூட்டம் முடிந்ததும் பேசுவோம். படித்து முடித்ததும் பக்கத்து ஆலை எது, அதன் கழிவு எங்கே போகிறது, அந்த இடத்தில் குடியிருப்பவர்கள் யார் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அனிமல் நம்மைக் கண்கள் என்று திட்டியதற்கு அதுவே குறைந்தபட்சப் பதிலாக இருக்கும்.

ஜெய்பீம்.